ஆர்15 வி3: கிளிப்-ஆனைக் கழற்றிவிட்டு உயரமான ஹேண்டில் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

பாப்பாரப்பட்டி வி3 | சனி இரவு 11.10

வணக்கம். வண்டி 2019 யமஹா ஆர்15 வி3, ஏபிஎஸ் உள்ளது. 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எனக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. வாரநாட்களில் அங்கேயே அறை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துச் சூளகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக ஊருக்கு வந்துவிடுவேன், ஞாயிறு மாலை திரும்புவேன். ஒரு வழிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

ஆறேழு மாதமாகக் கை மரத்துப்போகிறது. ஓசூர் போகும்போது அவ்வளவாக இல்லை. ஊருக்கு வரும்போதுதான் அதிகம். மேலுமலை இறக்கம் முடிந்து கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருக்கிற இடமே தெரிவதில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அம்மா டீ கொடுத்தார். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. அம்மா பயந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் நானும் பயந்துவிட்டேன்.

வண்டியில் குறை என்று எதுவும் இல்லை. குனிந்து ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி, அது தெரிந்துதான் வாங்கினேன். இரண்டு வருடச் சம்பளத்தில் சேர்த்து வாங்கியது, விற்க மனம் இல்லை. ஹேண்டிலை மட்டும் உயர்த்த முடியுமா? யமஹாவிலேயே நிமிர்ந்து ஓட்டும் வண்டியான எம்டி-15-இன் ஹேண்டில் உட்காரும் என்கிறார்கள். கிளிப்-ஆனையே, அதாவது இப்போதுள்ள தாழ்ந்த இரண்டு துண்டு ஹேண்டிலையே, வெட்டி உயர்த்தித் தருகிறேன் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தொப்பூர் பழைய ரைடர் | ஞாயிறு காலை 6.30

தம்பி, கழற்றுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். ஓட்டும்போது முழங்கால் எங்கே இருக்கிறது? டேங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறதா, இல்லை சும்மா தொங்குகிறதா?

நான் ஆர்எக்ஸ் 100-இல் தொடங்கியவன். பிறகு பல்சர் 220, இப்போது ஒரு ஆர்15 வி2 வைத்திருக்கிறேன். வயது 52. தொப்பூர்க் கணவாயில் தருமபுரிப் பக்கமிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது இந்த விஷயத்தை உடம்பால் தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் வண்டி முன்னால் சாய்கிறது. சீட்டும் முன்பக்கம் சரிவாக இருக்கிறது. உடம்பு வழுக்கி டேங்கில் மோதும், அதை நிறுத்துவதற்கு நம்மை அறியாமலே இரண்டு கையையும் ஊன்றிவிடுவோம். தோளிலிருந்து வரும் எடை மொத்தமும் உள்ளங்கையில் இறங்கும். உனக்கு ஊருக்கு வரும்போது மட்டும் அதிகமாக இருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஓசூர் மேடு, நம் ஊர் பள்ளம். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம்.

தொடையால் டேங்கைப் பிடித்துக்கொள். டேங்கின் இரு பக்கமும் ரப்பர் பேட் ஒட்டினால் பிடி கிடைக்கும். முழங்கை மடிந்தே இருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல் அசைத்துப் பார். அசைக்க முடியவில்லை என்றால் நீ ஹேண்டிலில் தொங்கிக்கொண்டிருக்கிறாய் என்று பொருள். இரண்டு வாரம் இதைச் செய்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடு.

ஊத்தங்கரை ஆர்சி | ஞாயிறு காலை 9.05

பெரியவர் சொல்வது சரி. ஆனாலும் எல்லோருக்கும் அது போதாது அண்ணா. என்னிடம் கேடிஎம் ஆர்சி 200 இருக்கிறது, அதுவும் குனிந்து ஓட்டும் வண்டிதான். உயரம் 183 செ.மீ. டேங்கை எவ்வளவு பிடித்தாலும் வயிறும் இடுப்பும் எவ்வளவு நேரம் தாங்கும்? அரை மணி நேரம் தாங்கும். 44-இல் நூறு கிலோமீட்டர் என்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

நான் முதலில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஒரு பட்டறையில் கிளிப்-ஆனின் கைக்குழாயை அறுத்து, நடுவில் ஒரு இரும்புத் துண்டு வைத்து, வெல்டிங் அடித்து இரண்டங்குலம் உயர்த்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு மாதம் ஓடியது. ஒருநாள் கே.ஆர்.பி அணைப் பக்கம் ஒரு வேகத்தடையில் பிரேக் பிடித்தபோது வலது பக்கம் கையோடு கொஞ்சம் கீழே இறங்கியது. நிறுத்திப் பார்த்தால் வெல்டிங் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. நான் அப்போது 20-இல் போய்க்கொண்டிருந்தேன். அதே விரிசல் மேலுமலையில் 90-இல் திறந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

காவேரிப்பட்டணம் லேத் | ஞாயிறு காலை 10.20

முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். ஹேண்டிலில் வெல்டிங் வேண்டாம். யார் கேட்டாலும் நான் செய்து தருவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும்.

காரணம் இது. இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்தில் சூடுபட்ட பகுதியின் குணம் மாறிவிடும். உடைவது பெரும்பாலும் வெல்டிங்கில் இருக்காது, அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஹேண்டில் ஒரு தடவை பாரம் ஏறி நிற்கிற பொருள் இல்லை. ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு பிரேக்கிலும், என்ஜினின் ஒவ்வொரு அதிர்விலும் வளைந்து வளைந்து திரும்புகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் முறிகிறதே, அதேதான். அலுமினியக் கிளிப்-ஆன் என்றால் இன்னும் மோசம். வார்ப்பு அலுமினியம் வளைந்து எச்சரிக்கை தராது, பட்டென்று போய்விடும்.

கிளிப்-ஆன் உட்காரும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் படிப்பார்கள். முன் ஷாக்கின் (ஃபோர்க்கின்) இரண்டு குழாய்களையும் மேலே சேர்த்துப் பிடிக்கிற தகடுதான் மேல் டி. சாதாரண வண்டியில் அந்த டி-யின் மேல் இரண்டு கவ்வி இருக்கும், ஒரே நீளக் குழாயாக ஹேண்டில் அதில் உட்காரும். கிளிப்-ஆன் என்பது இடது, வலது என்று தனித்தனித் துண்டு. நேராக ஃபோர்க் குழாயையே கவ்வும். வி3-இல் அது மேல் டி-க்குக் கீழே கவ்வுகிறது. அதனால்தான் அவ்வளவு தாழ்வு.

சிலர் ஃபோர்க்கை டி-யில் கொஞ்சம் மேலே தள்ளி, வெளியே வரும் குழாயில் கிளிப்-ஆனை மேலே மாட்டுவார்கள். அப்படிச் செய்தால் வண்டியின் முன்பக்கம் அந்த அளவுக்குத் தாழ்ந்துபோகும். ஃபோர்க்கின் சாய்வு குறையும், ஹேண்டில் வெடுக்கென்று திரும்பும், முழு அமுக்கத்தில் முன்சக்கரம் உள்ளே எதையாவது தொடலாம். சில மில்லிமீட்டருக்கு மேல் அந்த வேலை வேண்டாம்.

அரூர் பிசியோ | ஞாயிறு மதியம் 2.45

நான் பைக் ஓட்டுவது குறைவு, ஸ்கூட்டிதான். என் கணவர் இந்த இழையைக் காட்டினார். எல்லோரும் ஹேண்டிலைப் பற்றி எழுதுகிறீர்கள். கேட்டவரின் கையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எந்த விரல் மரக்கிறது என்பது மிக முக்கியம். நீங்கள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உட்புறம் சுற்றி வந்து, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டில் ஒரு குறுகிய பாதை வழியாக நுழைகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தாற்போல் சுள்ளென்று இழுக்குமே, அதே நரம்புதான். உள்ளங்கையின் அந்த மேட்டை ஹேண்டிலில் ஊன்றி எடையைப் போட்டால் நரம்பு நசுங்குகிறது. நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இதே தொந்தரவு வரும். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருப்பதால் வருவது.

டம்ளர் நழுவியது எனக்குக் கவலை தருகிறது. மரத்துப்போவது ஒரு நிலை, பிடி பலம் குறைவது அடுத்த நிலை. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் செய்து பாருங்கள். இடது கையில் பிடி நழுவினாலோ, கட்டைவிரல் நுனி தானாக மடங்கிக் கொடுத்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், நரம்பு கடத்தல் பரிசோதனை எழுதித் தருவார். ஹேண்டில் வேலை அப்புறம் இருக்கட்டும்.

பாப்பாரப்பட்டி வி3 | ஞாயிறு மாலை 4.00

நன்றி மேடம். தாளை வைத்து அப்பாவை இழுக்கச் சொன்னேன். இரண்டு கையிலும் பிடி சமமாக இருக்கிறது. கட்டைவிரல் மடங்கவில்லை. மரத்துப்போனதும் இறங்கி நின்றால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஆனாலும் இந்த மாதம் டாக்டரைப் பார்த்துவிடுகிறேன்.

பழைய ரைடர் அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான். என் கால் தொங்குகிறது. இன்று திரும்பும்போது டேங்கைப் பிடித்து ஓட்டிப் பார்க்கிறேன்.

ராயக்கோட்டை மெக்கானிக் | ஞாயிறு இரவு 9.50

காசு செலவில்லாத வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். வண்டியில் உங்கள் இயல்பில் உட்கார்ந்து, கையை நீட்டி, விரலை நீட்டினால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் லிவர் மேல் போய் உட்கார வேண்டும். நிறைய வண்டியில் லிவர் மேலே தூக்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டை மடக்கித்தான் பிடிப்பார்கள். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி லிவரைத் தாழ்த்தினால் போதும், இரண்டு நிமிட வேலை. கிளட்ச் கேபிள் காய்ந்திருந்தால் எண்ணெய் விடுங்கள். வி3-க்கு அசிஸ்ட் கிளட்ச், லிவர் லேசாக இருக்க வேண்டும். கடினமாக இருந்தால் கேபிளில்தான் கோளாறு.

இதெல்லாம் செய்தும் வலி இருந்தால் எம்டி-15 டி போடலாம். நான் மூன்று வண்டிக்குச் செய்திருக்கிறேன். முதல் எம்டி-15 2019-இல் நம் நாட்டுக்கு வந்தபோது வி3-இன் என்ஜின், சேஸிஸ் இரண்டையும் வைத்துத்தான் வந்தது. இரண்டிலும் சாதாரண ஃபோர்க், 41 மில்லிமீட்டர். அதனால் மேல் டி பொருந்துகிறது. டி-யிலோ ஹேண்டிலிலோ வெட்டுவது, துளை போடுவது எதுவும் இல்லை. பழையதை எடுத்து வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

ஆனால் ஹேண்டில் மட்டும் வாங்கி வந்து மாட்டுங்கள் என்று நிற்காதீர்கள். கை மேலே போனால் கையோடு கட்டியிருக்கும் எல்லாமே மேலே போக வேண்டும். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ், இரண்டு பக்க ஸ்விட்ச் வயர். கேபிளும் ஹோஸும் எம்டி-யுடையதையே வாங்கிவிடுங்கள். ஏபிஎஸ் வண்டியில் முன் பிரேக்குக்கு இரண்டு குழாய் ஓடுகிறது. கைப்பிடி மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் யூனிட்டுக்கு ஒன்று, அங்கிருந்து கீழே சக்கரத்தில் டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பருக்கு ஒன்று. மாற்ற வேண்டியது மேலே உள்ளது மட்டும்தான்.

ஓசூர் 310 | திங்கள் அதிகாலை 12.30

இரவு ஷிப்ட் இடைவேளையில் எழுதுகிறேன். நானும் சிப்காட்தான்.

நான் வேறு வழியில் போனவன். குனிந்து ஓட்டும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வைத்திருந்தேன். ஹேண்டிலை மாற்றலாம் என்று ஒரு வருடம் யோசித்துவிட்டு, கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு ஆர்டிஆர் 310 எடுத்துவிட்டேன். இரண்டும் இதே ஓசூரில் பிறந்த வண்டிகள், 312 சிசி என்ஜினும் ஒன்றே. 2023-இல் ஆர்டிஆர் வந்ததும் ஓட்டிப் பார்த்தேன், ஹேண்டில் அகலமாக, நிமிர்ந்து உட்காரும்படி இருந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன். உங்களுக்கும் எம்டி-15 என்று அப்படி ஒரு அண்ணன் தம்பி வண்டி இருக்கிறது. கம்பெனியே அளந்து, சோதித்து, உயரமான ஹேண்டிலோடு தருகிறது. சட்டச் சிக்கலும் இல்லை.

சட்டத்தையும் யாரும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. ஹேண்டிலுக்குப் பிடிப்பார்களா என்று வாதாடிக்கொண்டிருக்காமல் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்சுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து என்று வந்தால் முதலில் கிளறுவது அவர்கள்தான்.

பாப்பாரப்பட்டி வி3 | திங்கள் காலை 7.15

விற்கச் சொல்லாதீர்கள் அண்ணா. இந்த வண்டியில்தான் அப்பாவை ஒகேனக்கல் கூட்டிப் போனேன். பின்சீட்டில் உட்கார்ந்து பென்னாகரம் தாண்டி மலைப்பாதை முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் அவர் முதல் தடவையாக ஒகேனக்கல் வந்தது அன்றுதான், வீட்டிலிருந்து அவ்வளவு பக்கத்தில் இருந்தும். அதைக் கொடுக்க மாட்டேன்.

ஆர்.டி.ஓ, இன்சூரன்ஸ் இரண்டும் கேட்கிறேன்.

தொப்பூர் பழைய ரைடர் | திங்கள் காலை 8.00

வைத்துக்கொள் தம்பி. அப்படிப்பட்ட வண்டியை விற்கக் கூடாது.

பாப்பாரப்பட்டி வி3 | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 8.20

என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

லிவரைத் தாழ்த்தினேன். டேங்க் பேட் ஒட்டினேன். நான்கு பயணம் முடிந்தது. முன்பு கிருஷ்ணகிரி டோல்கேட்டில் மரத்த கை இப்போது காரிமங்கலம் வரை தாங்குகிறது. ஏறக்குறைய பாதி குறைந்திருக்கிறது. ஆனால் முழுதாகப் போகவில்லை. டாக்டரையும் பார்த்தேன். நரம்பில் பாதிப்பு இல்லை, அழுத்தத்தைக் குறையுங்கள் என்றார்.

இன்சூரன்சுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வைத்திருக்கிறேன். ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் போய் விசாரித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ராயக்கோட்டை அண்ணன் பட்டறைக்குப் போகிறேன். அன்றைக்கு மட்டும் 44 வேண்டாம், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத்தான் ஊருக்கு வருவேன்.

ராயக்கோட்டை மெக்கானிக் | அடுத்த ஞாயிறு இரவு 8.40

வேலை முடிந்தது. வீட்டில் தனியாகச் செய்ய நினைப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

மேல் டி-யைக் கழற்ற வேண்டும் என்றால் முன்பக்கத்தைத் தாங்க ஏதாவது இருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்திச் செய்யாதீர்கள். சாவி ஸ்விட்ச் டி-யோடு இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட் திருடன் கழற்ற முடியாதபடி தலை இல்லாமல் இருக்கும். சுத்தியல் அடித்தால் ஸ்விட்ச் உடையும். பொறுமையாகத் துளையிட்டுத்தான் எடுத்தேன், ஒரு மணி நேரம் அதற்கே போனது.

டி-யின் நடு நட்டைத் திரும்ப முடுக்கும்போது கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கை, கவனிக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை விரலால் தட்டினால் இரண்டு பக்கமும் தானாக விழ வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. இரண்டும் சரியாக வரும்வரை மூன்று தடவை கழற்றினேன்.

ஸ்விட்ச் பெட்டிக்குள்ளே ஒரு சின்ன முளை உண்டு. ஹேண்டில் குழாயில் உள்ள துளையில் அது உட்கார வேண்டும். சில பேர் துளை ஒத்துவரவில்லை என்று முளையை அராவி எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பெட்டியே சேர்ந்து சுற்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எம்டி-யின் ஹேண்டிலையே வாங்கியதால் எங்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

ஹோஸ் மாற்றும்போது இரண்டு பக்கச் செம்பு வாஷரும் புதிதாகப் போட்டேன். பழையது ஒருமுறை நசுங்கிவிட்டால் மறுபடி ஒழுகும். பிரேக் ஆயில் டேங்க் பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் உரியும். ஈரத் துணி போர்த்திவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன். ஹோஸுக்குள் இருந்த காற்றை எடுக்க நேரம் பிடித்தது. லிவர் கல்போல் நிற்கும்வரை வண்டியைத் தரவில்லை.

கடைசிச் சோதனைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கடைசிவரை திருப்ப வேண்டும், அப்புறம் வலது கடைசிவரை. எந்தப் பக்கத்திலாவது என்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். கிளட்ச் லிவரின் ஆட்டம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது. கட்டைவிரல் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டுகிறதா என்று கையை வைத்தே பாருங்கள். தம்பி வண்டியில் வலது பக்கம் பிரேக் ஆயில் கப், முன்னால் காற்றைத் தடுக்கும் வைசரைத் தொட்டது. ஹேண்டிலைக் கவ்வியில் கொஞ்சம் பின்பக்கம் உருட்டியதும் விலகிவிட்டது.

காவேரிப்பட்டணம் லேத் | அதே நாள் இரவு 9.15

மூன்று தடவை கழற்றினீர்களே, அதற்கு என் வணக்கம்.

பாப்பாரப்பட்டி வி3 | ஒன்றரை மாதம் கழித்து, சனி இரவு 10.30

இன்றோடு ஆறு தடவை ஓசூர் போய் வந்துவிட்டேன். நல்லது கெட்டது இரண்டும் எழுதுகிறேன்.

கை மரத்துப்போவது நின்றுவிட்டது. மேலுமலை இறங்கி, கிருஷ்ணகிரி தாண்டி, தருமபுரி வந்தும் சுண்டுவிரல் என்னோடு இருக்கிறது. இதை எழுதும்போதே விரலை அசைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குள் நெரிசலில், சந்தை நாளில், யூ-டர்னில் வண்டி முன்னைவிட எளிதாகத் திரும்புகிறது. அகலமான ஹேண்டிலில் பலம் போடத் தேவையில்லை.

மாறிய மற்றவை. காற்று நேராக நெஞ்சில் அடிக்கிறது. முன்பு குனிந்திருந்ததால் 90-க்கு மேல் காற்றே கொஞ்சம் தாங்கிப் பிடித்தது, அது இப்போது புரிகிறது. உயரமான வைசர் ஒன்று போட வேண்டும். மேலுமலையில் பக்கக்காற்று அடித்தால் முன்சக்கரம் முன்னைவிட லேசாகத் தெரிகிறது. எடை பின்னால் போய்விட்டதால் இருக்கும். அங்கே நான் இறுக்கிப் பிடித்தால் வண்டி ஆடுகிறது, தளர்வாகப் பிடித்தால் நேராகப் போகிறது. 80-இலேயே வருகிறேன். கண்ணாடி ஹேண்டிலில் இல்லாமல் ஃபேரிங்கில் (வண்டியின் முன்மூடியில்) இருப்பதால் பாதிக் காட்சியை என் கையே மறைத்தது. கண்ணாடியின் கோணத்தை மாற்றி, தோளுக்குமேல் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று. கை வலி போனதும் முதுகின் அடியில், வால் எலும்புப் பக்கம் உட்கார்ந்த இடத்தில் வலி வருகிறது. ஃபுட்ரெஸ்ட் பழைய இடத்திலேயே பின்னால் இருக்கிறது, உடம்பு மட்டும் நிமிர்ந்துவிட்டது.

அரூர் பிசியோ | ஞாயிறு காலை 7.40

கை சரியானது மிகவும் மகிழ்ச்சி. முதுகு வலி எதிர்பார்க்கக்கூடியதுதான். முன்பு கை தாங்கிய எடையை இப்போது உட்காரும் எலும்பு தாங்குகிறது. குழியில் வரும் அதிர்ச்சியும் நேராக முதுகெலும்பில் ஏறும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். வயிற்றுத் தசைக்குப் பயிற்சி எழுதித் தருகிறேன், தனிச்செய்தி பாருங்கள். அம்மாவிடமும் கை சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

பாப்பாரப்பட்டி வி3 | ஞாயிறு காலை 9.00

சொல்லிவிட்டேன் மேடம். டம்ளரை நிரப்பிக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

ராயக்கோட்டை மெக்கானிக் | ஞாயிறு காலை 11.30

சீட் ஃபோமை மாற்றுவோம் தம்பி. முன்பக்கச் சரிவைக் கொஞ்சம் நிரப்பினால் இடுப்பு நேராக உட்காரும். பின் ஷாக் உன் எடைக்குச் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். அடுத்த சனிக்கிழமை வா.

போச்சம்பள்ளி வி4 | ஞாயிறு மாலை 5.10

எல்லோருக்கும் வணக்கம். முழுவதும் படித்தேன். என்னிடம் வி4 இருக்கிறது, கையில் இதே வலி. ஒரு பழைய எம்டி-15-இன் டி விலைக்கு வந்திருக்கிறது. நாளை வாங்கிவிடட்டுமா?

காவேரிப்பட்டணம் லேத் | ஞாயிறு மாலை 5.25

வாங்க வேண்டாம், நில்லுங்கள். வி4-க்குத் தலைகீழ் ஃபோர்க். 37 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது கீழே உள்ள உள்குழாயின் அளவு. டி பிடிப்பது மேலே உள்ள தடித்த வெளிக்குழாயை. பழைய எம்டி-யின் டி 41 மில்லிமீட்டர் சாதாரண ஃபோர்க்குக்கானது, அதில் உங்கள் குழாய் நுழையாது. துளையைப் பெரிதாக்கித் தரச் சொல்லி என்னிடமே ஒருவர் கொண்டுவந்தார். அப்படிக் குடைந்தால் கவ்வும் சுவர் மெலிந்துவிடும், திருப்பி அனுப்பிவிட்டேன்.

2022-இல் வந்த புதிய எம்டி-15-இல் தலைகீழ் ஃபோர்க் இருக்கிறது. பார்ப்பதானால் அந்த டி-யைப் பாருங்கள். அப்போதும் காசு கொடுக்கும் முன் துளையின் அளவு, இரண்டு துளைக்கும் நடுவில் உள்ள தூரம், நடுத் தண்டின் துளை, மூன்றையும் வெர்னியரில் (நுட்பமாக அளக்கும் கருவியில்) அளந்து உங்கள் வண்டியோடு ஒப்பிட வேண்டும். வெர்னியர் இல்லை என்றால் வண்டியையும் அந்த டி-யையும் காவேரிப்பட்டணத்துக்குக் கொண்டுவாருங்கள், நானே அளந்து தருகிறேன். செவ்வாய் மட்டும் கடை விடுமுறை.

போச்சம்பள்ளி வி4 | ஞாயிறு மாலை 5.40

புதன் காலை வருகிறேன் ஐயா. அதுவரை லிவரைத் தாழ்த்திப் பார்க்கிறேன்.